சுரங்கக் கருத்துக்கேட்பு: மேல்மண் பற்றி என்ன கேட்பது?

கேள்வி (வேளச்சேரி): அப்பாவின் மூன்று ஏக்கர் நெல் வயல் நெய்வேலிப் பக்கம். சுரங்க விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வருகிறது. போன மாதம் ஒரு பை வயல் மண் கொண்டுவந்து பால்கனித் தொட்டியில் கொட்டினேன். விதைத்த கீரை மளமளவென்று எழும்பிவிட்டது. தோண்டினால் அந்த மண் எங்கே போகும்?

பதில் 1: 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு முன் மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும். சுரங்கத்தால் வரும் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும், சுருக்கம் தமிழிலும். நேரில் போக முடியாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்புங்கள்.

பதில் 2: மேல்மண்ணைத் தனியாகச் சேர்ப்பார்களா, எத்தனை அடி உயரம், எத்தனை வருடம் என்று கேளுங்கள். உயரமாகக் குவித்து வருடக்கணக்கில் போட்டால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர் செத்துவிடும். அப்புறம் அது வெறும் மண்தான். குழியை நிரப்பி, மேலே இதைப் பரப்பினால்தான் பயிர். தண்ணீரையும் விடாதீர்கள்: நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டேதான் தோண்ட முடியும். சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தை யார் அளப்பார்கள்?

கேட்டவர்: சரி, அப்பாவின் கிணற்று ஆழத்தை இந்த ஞாயிறே கயிறு விட்டு அளந்து எழுதிவைக்கிறேன்.