மறு: கலைச்சொல் வேண்டும்: சைகைமொழியைப் பெயர்த்துச் சொல்பவர்

செல்லூரிலிருந்து, கையேட்டைத் தமிழாக்குபவர்:

குழுமத்தாருக்கு வணக்கம். காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து பதினாறு பக்கக் கையேடு ஒன்றை அச்சிடுகிறார்கள். மருத்துவமனைக்கோ நீதிமன்றத்துக்கோ கல்லூரி வகுப்புக்கோ சைகைமொழி வல்லார் ஒருவரை எவ்வாறு அமர்த்திக்கொள்வது என்பது அதன் முதற்பாதி. அந்தத் தொழிலுக்கு எவ்வாறு படித்து வருவது என்பது மறுபாதி. இரண்டையும் தமிழாக்கி முடித்துவிட்டேன், ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல்லோ ஏறத்தாழ ஒவ்வொரு பத்தியிலும் வருகிறது. எழுதியதை மொழிமாற்றுபவரையும், எதிரே ஒருவர் பேசப் பேச உடனே மாற்றித் தருபவரையும் ஆங்கிலம் இரு சொற்களால் பிரிக்கிறது. நாமோ இருவரையும் மொழிபெயர்ப்பாளர் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். 'சைகை மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. சித்திரைத் திருவிழா வேலைகள் வந்துவிட்டால் எந்திரம் ஒழியாது என்று மேலமாசி வீதி அச்சகத்தார் வரும் வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்திருப்பதால், விரைந்து கருத்துரைக்குமாறு வேண்டுகிறேன்.

திருநகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள அம்மா, தங்கள் மனம் ஒப்பாததற்குத் தொல்காப்பியத்திலேயே காரணம் இருக்கிறது. மரபியல் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறது. யாத்தல் என்பது கட்டி நூலாக்குதல். ஆகவே மொழிபெயர்ப்பு பிறப்பிலேயே ஏட்டு வேலை. குறுந்தொகையின் 11ஆம் பாடலில் மாமூலனார் 'மொழிபெயர் தேஎம்' என்று சொல்லும் இடத்திலோ மொழியை எவரும் பெயர்க்கவில்லை; எல்லை தாண்டியதும் மொழி தானே பெயர்ந்துவிடுகிறது. பெயர்தல், பெயர்த்தல் என்ற தன்வினை பிறவினை வேறுபாட்டைப் பற்றி நான் முன்பே ஒரு நெடுமடல் எழுதியிருப்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இலங்கைத் தமிழர் எழுத்தைப் பெயர்ப்பவரை மொழிபெயர்ப்பாளர் என்றும், பேச்சைப் பெயர்ப்பவரை உரைபெயர்ப்பாளர் என்றும் பிரித்து வழங்குகிறார்கள். அதை ஏற்று 'சைகை உரைபெயர்ப்பாளர்' எனலாம். சம்பளத்துக்கும் வள்ளுவர் வழி சொல்லியிருக்கிறார்: 'குறிப்பிற் குறிப்புணர் வாரை உறுப்பினுள் யாது கொடுத்தும் கொளல்.'

மேலூரிலிருந்து, தனித்தமிழ் அன்பர்:

ஐயா அவர்கள் சைகை என்ற சொல்லை அப்படியே விட்டுவைத்தது வியப்பளிக்கிறது. சைகை என்பது செய்கை என்பதன் பேச்சுவழக்குத் திரிபு. சமிக்ஞையை விலக்கிய நாம் திரிபை மட்டும் ஏன் தாங்க வேண்டும்? 'செய்கைமொழி' என்றே எழுதுவோம். அன்றியும், கையால் பொருள் உணர்த்தும் கலைக்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'பிண்டியும் பிணையலும் எழிற்கையும் தொழிற்கையும்' என்று ஆயத்தமாகச் சொற்கள் கிடக்கின்றன. அழகுக்குக் காட்டுவது எழிற்கை. தொழில்படக் காட்டுவது தொழிற்கை. தொழிற்கைஞர், கைம்மொழிஞர் ஆகிய இரண்டில் எதையேனும் கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

ஒத்தக்கடையிலிருந்து, வழக்கறிஞர்:

தொழிற்கைஞர் தேவை என்று ஒரு காவல் நிலையத்துக்குக் கடிதம் அனுப்பினால், தச்சரையோ கொத்தனாரையோ அனுப்பிவைப்பார்கள். செய்கைமொழி என்பதைப் படிப்பவர் பாதிப் பேர் செயற்கைமொழி என்று படிப்பார்கள். அதோடு மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துவிட்டால், கணினி செய்யும் மொழிபெயர்ப்பு என்றே இன்றைய தலைமுறை முடிவு கட்டிவிடும். பழைய ஆட்சிமொழியில் இதற்குத் துபாஷி என்ற சொல் நன்றாகவே வழங்கியது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த பதவி அது. ஆதியாகமத்தில் யோசேப்பு தன் சகோதரரோடு பேசுவதும் துபாசியைக் கொண்டுதான். அது இனி திரும்பாது என்று தெரிந்தாலும் எனக்கு அதில் ஓர் ஆசை உண்டு.

வழக்குமன்றத்துக்கு இந்தச் சொல் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாயால் பேசித் தெரிவிக்க இயலாத சாட்சியிடம் வாக்குமூலம் பெறும்போது இத்தகைய ஒருவரின் அல்லது சிறப்புக் கல்வியாளரின் துணையை நீதிமன்றம் பெற்றாக வேண்டும், அந்த வாக்குமூலத்தை ஒளிப்பதிவும் செய்ய வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவில் 2013இல் திருத்தம் வந்தது. இன்றைய சட்டத்தில் அது 125ஆம் பிரிவு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 38ஆம் பிரிவு இதையே பேசுகிறது. வருகிறவர் யார், என்ன தகுதி என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது, சொல் தெளிவாக இல்லாவிட்டால் சாட்சியமே ஆட்டம் காணும். 'சைகை விளக்குநர்' என்றால் எவருக்கும் புரியும்.

ஆரப்பாளையத்திலிருந்து, இத்தொழிலில் இருப்பவர்:

ஐயாமார் அனைவருக்கும் வணக்கம். நான் இக்குழுமத்தில் படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள் என்பதால், வாய் பேசத் தொடங்கும் முன்பே நான் கையால் பேசினேன். பின்னர், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் சேரக்கூடிய இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் பெற்றேன். மொழி வீட்டிலேயே கிடைத்துவிட்டது. தொழிலைத்தான் படிப்பில் கற்றேன்.

வழக்கறிஞர் ஐயா சொன்ன விளக்குநர் எனக்கு அச்சமூட்டுகிறது. விளக்கத் தொடங்கினால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். மருத்துவர் கேட்பதற்கு ஒரு பெண், 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று கையால் சொன்னால், என் வாயும் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றே சொல்ல வேண்டும். 'அவருக்குப் பயமாக இருக்கிறதாம்' என்று நான் சொன்னால், மருத்துவர் அந்தக் கணத்திலிருந்து என்னைப் பார்த்தே பேசத் தொடங்குவார், நோயாளி ஓரமாகிவிடுவார். தமிழில் இந்த 'ஆம்' எவ்வளவு எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது தங்களுக்குத் தெரியும். அதை நாவிலிருந்து அகற்றவே எனக்கு ஓராண்டு ஆயிற்று.

உரைபெயர்ப்பாளர் என்பதிலும் எனக்குத் தடை உண்டு. உரை என்றவுடன் உரையாசிரியர் நினைவுக்கு வருகிறார். மூலத்தில் இல்லாததை வருவித்து உரைப்பது அவருக்குப் பெருமை, எனக்கோ அது குற்றம். குறிப்புணர்தலும் அவ்வாறே, எதிரே இருப்பவரின் மனத்தை நான் ஊகிக்கத் தொடங்கினால் அந்த வேலைக்கு நான் தகுதியற்றவள். ஆயினும் 'யாது கொடுத்தும் கொளல்' என்பதைக் கையேட்டின் கட்டணப் பகுதியில் தவறாமல் சேர்த்துவிடுங்கள். சென்ற ஆண்டு ஒரு நாள் முழுவதும் நடந்த கருத்தரங்கு ஒன்றில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, பேருந்துக் கட்டணம் கொடுத்து அனுப்பினார்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி நிற்க இருவர் வேண்டும் என்று நான் முன்கூட்டியே எழுதியிருந்ததற்கு, 'கையை அசைக்க எதற்கம்மா இரண்டு பேர்?' என்பது விடையாக வந்தது.

அந்த விடையில்தான் தாங்கள் தேடும் சொல்லின் சிக்கல் இருக்கிறது. கை, சைகை, சாடை என்று மட்டும் சொன்னால், கேட்பவர் கண்ணுக்கு அசைவு தெரிகிறதே ஒழிய மொழி தெரிவதில்லை. இந்தியச் சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. 'எங்கே', 'யார்' போன்ற வினாச்சொற்கள் தொடரின் இறுதியில் வந்து நிற்கும். ஆம் இல்லை என்று விடை வேண்டும் வினாவைப் புருவமே காட்டிவிடும். தமிழை விரலில் எழுதிக் காட்டுவது அதுவாகாது. தில்லியில் உள்ள இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது.

பதினொரு வயதில், ஒரு மருத்துவமனையில், என் அம்மாவின் கருப்பையை எடுக்க வேண்டும் என்பதை அவரிடம் நான்தான் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு எனக்குச் சைகையும் தெரியாது, பொருளும் தெரியாது. வீட்டுப் பிள்ளையை அழைத்து வந்தால் போதும் என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு மொழி என்று தோன்றவே இல்லை. எனவே, சொல் எதுவாயினும் மொழி என்பது அதற்குள் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

திருநகரிலிருந்து:

மகளே, உரையை நான் பாதி கைவிடுகிறேன். தாங்கள் கேட்பது அம்மையார் முதலில் எழுதிய தொடரிலேயே ஒளிந்திருக்கிறது. 'சைகை மொழி பெயர்ப்பாளர்' என்பதில் நடுவே நிற்கும் மொழி, நன்னூலார் சொல்லும் தாப்பிசைப் பொருள்கோள்போல, ஊசற்கயிறாக இரு பக்கமும் சென்று பொருந்துகிறது: சைகைமொழி, மொழிபெயர்ப்பாளர். சிக்கல் இடைவெளியில்தான். 'சைகை மொழிபெயர்ப்பாளர்' என்று பிரித்தால் சைகை மொழியாகாமல் அனாதையாகிறது. 'சைகைமொழிப் பெயர்ப்பாளர்' என்று பிரித்து இடையில் பகர ஒற்றை இட்டால், மொழி சைகையோடு இறுகப் பிணைகிறது.

மேலூரிலிருந்து:

இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது என்பதை ஐயாவுக்கு நான் நினைவூட்ட வேண்டியிருப்பது வருந்தத்தக்கது. மொழிபெயர்ப்பாளர் என்பதில் ஒற்று மிகாததற்கு அதுவே காரணம். அங்கே மிகாதது இங்கே எப்படி மிகும்? இந்தச் சங்கடமே வேண்டாம் என்பதால் புதிய சொல் ஒன்றை முன்வைக்கிறேன். அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல் கொண்டு செல்லும் தோழி, பாணன் முதலியோரை 'வாயில்கள்' என்பது மரபு. இருவர்க்கிடையே நிற்பவரை 'வாயிலர்' என்போம்.

ஒத்தக்கடையிலிருந்து:

வாயிலர் என்பதை வாய் இலர் என்று பிரித்துப் பார்த்தீர்களா? காது கேளாதவரை ஊமை என்று வைத வழக்கத்தை இப்போதுதான் விட்டொழித்திருக்கிறோம். பெயர்த்துச் சொல்ல வந்தவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இடையில் நிற்பவருக்குப் பெயர் தேடினால் நம் மாட்டுத்தாவணியின் பழைய தரகர்களும் வரிசையில் நிற்பார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசியவர்கள் அவர்கள்.

திருநகரிலிருந்து:

துண்டுக்கடியில் நடப்பது குறியீடு. விலையைத் தவிர வேறெதையும் அது பேசாது. மேலூர்த் தம்பிக்கு: சைகைமொழியில் வல்ல பெயர்ப்பாளர் என்று விரித்தால் அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அங்கே வலி மிகும்.

விரகனூரிலிருந்து, பள்ளி ஆசிரியர்:

எனக்குக் காது கேளாது. எழுத்துத் தமிழ் எனக்கு இரண்டாம் மொழி, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த பள்ளியில் உதட்டைப் பார்த்து வாயால் பேசுவதே பாடமாக இருந்தது. கையால் பேசியது விடுதியில், விளக்கு அணையும் வரை. அந்த மொழிக்கு இத்தனை பெரியவர்கள் சந்தி இலக்கணம் பார்ப்பது மகிழ்ச்சி தருகிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் சைகைமொழி வழியாக வாதாடியபோது, நாங்கள் அந்தச் செய்தியை ஒருவருக்கொருவர் பலநாள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சைகைமொழிப் பெயர்ப்பாளர் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. எந்தப் பள்ளிக்கும் போகாமல், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் வீட்டார் மட்டும் அறிந்த சைகைகளோடு வளர்ந்த ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்தால், பட்டயம் பெற்ற பெயர்ப்பாளருக்கும் அவர் சொல்வது விளங்காது. அப்போது என்னைப் போன்ற ஒருவர் நடுவில் அமர்ந்து, அவருடைய வீட்டுச் சைகையைச் சைகைமொழிக்கு மாற்ற, ஆரப்பாளையம் அம்மா அதைத் தமிழுக்கு மாற்றுவார். நானும் பெயர்ப்பாளர்தானா? என் சொல் என்ன? கையேட்டில் இருவரும் காது கேட்பவர்களாகவே எழுதப்பட்டிருக்கிறதா?

செல்லூரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்ததில் நால்வர் 'சைகைமொழிப் பெயர்ப்பாளர்' என்பதை ஏற்றார்கள். வழக்கறிஞர் ஐயா ஏற்றது களைப்பினால் என்று எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார். மேலூர் அன்பர் உடன்படவில்லை. கைம்மொழிஞர் என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது இடுமாறு கேட்டார், இடம் இல்லை. வெள்ளி காலை அச்சகத்துக்குப் போனபோது, மெய்ப்புத் திருத்துபவர் நல்லெண்ணத்தோடு அந்தப் பகர ஒற்றை எல்லாப் பக்கங்களிலும் நீக்கி, இடைவெளியையும் நகர்த்தி, 'சைகை மொழிபெயர்ப்பாளர்' என்று ஆக்கியிருந்தார். ஐயாவின் உடன்தொக்க தொகையை அவரிடம் சொன்னேன். ஒவ்வோரிடமாகத் திரும்பச் சேர்த்தோம்.

விரகனூர் ஆசிரியர் கேட்டது உண்மை. 'காது கேட்கும் திறன் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று ஒன்பதாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். அவருக்கான சொல் கிடைக்காததால், அவர் செய்யும் பணியை நான்கு வரிகளில் விரித்து எழுதியிருக்கிறேன்.

மேலூரிலிருந்து:

அதற்கு 'இடைக்கைம்மொழிஞர்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன். தனி இழையில் எழுதுகிறேன்.