புதுப்பிப்பு: அணை நீர்மட்டக் கணக்கு ஒருவழியாகக் கைக்கு வந்தது

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் பத்தாண்டு நீர்மட்டத்தை ஒரு பெரிய இணையதளத்திலிருந்து பைத்தான் நிரலால் எடுக்கப்போய், முந்நூறு பக்கத்தோடு 429 பிழை (அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று சர்வர் மறுப்பது) வந்து நின்றுவிட்டது என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். கார், பிசானம் இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் எப்படி இருந்தது என்று அப்பாவுக்குக் காட்டத்தான் இத்தனை பாடு.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லி இங்கே பதில் போட்டவர்கள் சொன்னது சரி. எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று சர்வர் பதிலிலேயே 'ரீட்ரை ஆஃப்டர்' என்று எழுதி அனுப்பியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அதைவிட வெட்கம், வந்த முந்நூறு பக்கத்திலும் அட்டவணைத் தலைப்பு மட்டும்தான் இருந்தது. எண்களை ஜாவாஸ்கிரிப்ட் பிறகு நிரப்புகிறது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், மாதத்துக்கு ஒரு ஜேசன் கோப்பு (நிரல் நேரடியாகப் படிக்கக்கூடிய தரவுக் கோப்பு) சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது! நிரல்கள் எங்கெல்லாம் போகக் கூடாது என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பாதைக்குத் தடை இல்லை. கோப்புக்கு ஐந்து விநாடி வீதம் விட்டு, சாப்பிட்டு வருவதற்குள் முடிந்தது. பக்கத்திலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் பைத்தான் கருவியான பியூட்டிஃபுல் சூப் தேவையே படவில்லை.

எக்செலில் தமிழ் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. 'யுடிஎஃப்-8-சிக்' என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்ததும் சரியானது. ஒரு நாள் மணிமுத்தாறு 1118 அடி என்றிருந்தது. அணையின் முழு உயரமே 118 அடி! ஊகித்துத் திருத்தாமல் காலியாக விட்டேன்.

2023 டிசம்பர் 17, 18, வெள்ளம் வந்த அந்த இரண்டு நாள் மட்டும் கோப்பில் இல்லை. அன்றைய நாளிதழ் நறுக்கு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.