கள்ளிக்குடி வீட்டு குரூப்ல ரம்மி தடைச் சண்டை

சனிக்கிழமை, 23 ஆகஸ்ட் 2025

பெரியப்பா, 6:12
(ஃபார்வர்டு) அவசரச் செய்தி!! இனி போனில் எந்த கேம் விளையாடினாலும் 3 வருடம் ஜெயில் 1 கோடி அபராதம். ஜனாதிபதி நேற்று கையெழுத்து போட்டு விட்டார். 10 குரூப்புக்கு உடனே அனுப்பவும் 🙏

சித்தி, 6:15
அய்யோ மாமா நம்ம சின்னவன் லூடோ வச்சிருக்கானே, அதுக்குமா ஜெயிலு

தேவி, 6:21
சித்தி பயப்படாதீங்க, அதுல பாதி தப்பு. பெரியப்பா தயவுசெஞ்சு அத யாருக்கும் அனுப்பாதீங்க. சட்டம் வந்தது நெசம், 20ந் தேதி லோக்சபா, 21 ராஜ்யசபா, நேத்து ஜனாதிபதி கையெழுத்து. ஆனா தடை காசு கட்டி ஆடுற ஆட்டத்துக்கு மட்டும்தான். சும்மா ஆடுற லூடோ, கேண்டி க்ரஷ், ஈஸ்போர்ட்ஸ் எதுக்கும் ஒண்ணும் இல்ல. அந்த 3 வருஷம் 1 கோடி காசு ஆட்டத்த நடத்துற கம்பெனிக்காரனுக்கு, விளம்பரத்துல வர்றவங்களுக்கு 2 வருஷம் 50 லட்சம் வரைக்கும். ஆடி காசு விட்டவனுக்கு தண்டனையே கிடையாது, அவன பாதிக்கப்பட்டவனாத்தான் பாக்குறாங்க

சித்தி, 6:22
இப்பதான் உசுரு வந்துச்சு

பெரியப்பா, 6:25
சரிம்மா அழிச்சிர்றேன். ஆனா ஒண்ணு சொல்றேன், மோடி ஒருத்தராலதான் இது முடிஞ்சுச்சு. மூணே நாள்ல முடிச்சாரு பாத்தியா. இங்க உள்ளவங்க அஞ்சு வருஷமா என்ன பண்ணாங்க

சித்தப்பா, 6:29
அண்ணே இது நியாயமே இல்ல. 2022லயே ரிட்டயர்டு ஜட்ஜ் சந்துரு கமிட்டி போட்டு அவசரச் சட்டம் கொண்டு வந்து சட்டசபையில பாஸ் பண்ணது யாரு? தளபதி ஸ்டாலின். அத நாலு மாசத்துக்கு மேல அமுக்கி வச்சிருந்து திருப்பி அனுப்புனது யாரு? உங்க கவர்னர்

பெரியப்பா, 6:31
கவர்னர் காரணத்தோடதான் அனுப்புனாரு, சட்டசபைக்கு அந்த அதிகாரம் இல்லன்னு எழுதியே குடுத்தாரு

சித்தப்பா, 6:32
அதிகாரம் இல்லாமயா அடுத்த மாசமே அதே மசோதாவுல கையெழுத்துப் போட்டாரு??

அப்பா, 6:36
ரெண்டு பேரும் ஒண்ண மறந்துட்டீங்க. மொதல் தடை எடப்பாடி போட்டது, 2020 நவம்பர்ல

கார்த்தி, 6:48
நான் ஆபீஸ்ல இருந்து இப்பதான் பாக்குறேன். பெரியப்பா சித்தப்பா ரெண்டு பேரும் கோச்சுக்காதீங்க, எனக்கு இந்த மொத்த தடையே தப்புன்னு தோணுது. என் ரூம்மேட் அப்படி ஒரு கம்பெனிலதான் இருந்தான், நேத்து மத்தியானம் மீட்டிங் போட்டு காசு ஆட்டம் எல்லாத்தையும் நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டாங்க, அவன் நைட்டு பூரா தூங்கல, ஊர்ல அவன் தங்கச்சி படிப்பு அவன் சம்பளத்துலதான் ஓடுது. 2023 அக்டோபர்ல இருந்து கட்டுற பணம் முழுசுக்கும் 28 பர்சென்ட் ஜிஎஸ்டி போட்டு வாங்குனது இதே அரசாங்கம்தான. ரெண்டாவது, பந்தயம் சூதாட்டம் எல்லாம் அரசியல் சட்டத்துல மாநிலப் பட்டியல்ல இருக்குற விசயம். நம்ம தமிழ்நாடு இந்த பிப்ரவரிலதான் அருமையா ரூல்ஸ் போட்டுச்சு, ஆதார் வச்சு ஆள் யாருன்னு சரிபாக்குற கேஒய்சி, ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் ஆப் திறக்கவே கூடாது, 18 வயசுக்குக் கீழ கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுனா அரை மணிக்கு ஒரு தடவை எச்சரிக்கை. ஜூன்ல ஹைகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிருச்சு. அது ஓடுதா ஓடலையான்னு ஒரு வருஷம் கூட பாக்காம மேல இருந்து ஒரே போடா போட்டா எப்படி

சித்தப்பா, 6:50
கார்த்தி சொல்ற மாநில உரிமை பாயிண்ட்டு நூத்துக்கு நூறு

பெரியப்பா, 6:52
குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்போது மாநிலமாவது மத்தியாவது. லாட்டரிய நிறுத்துனப்பவும் இப்படித்தான் எல்லாரும் ஏஜெண்டு பொழப்பு போச்சு கடைக்காரன் பொழப்பு போச்சுன்னீங்க

அப்பா, 6:55
2003 ஜனவரி. அந்தம்மா போட்ட தடை. பஸ் ஸ்டாண்டுல கம்பி கட்டி வரிசையா சீட்டு தொங்கும், மைக்க வச்சு குலுக்கல் இன்னைக்கு குலுக்கல் இன்னைக்குன்னு கத்திக்கிட்டே இருப்பான். ஒரே நாள்ல எல்லாம் போச்சு

கார்த்தி, 6:57
போச்சா அப்பா? மூணு நம்பர் லாட்டரின்னு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்து வித்து இன்னமும் ஆள் பிடிபடுறாங்கன்னு வாரா வாரம் பேப்பர்ல வருதே. தடை போட்டா காணாமப் போகாது, கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிரும், அதத்தான் நான் சொல்றேன். கேம் ஆப்பும் அப்படித்தான் வெளிநாட்டுல சர்வர் வச்சுக்கிட்டு டெலிகிராம்ல லிங்க் அனுப்புவான், அவன்கிட்ட கேஒய்சியும் இல்ல ராத்திரி பூட்டும் இல்ல, காசு போனா கேக்க ஆளும் இல்ல. கடைசில இது அவங்கவங்க விருப்பம், அவங்கவங்க காசு, அரசாங்கம் ஒழுங்குபடுத்தலாம், மொத்தமா மூடக் கூடாது

தேவி, 7:02
கார்த்தி கொஞ்சம் பொறு. இந்த குரூப்ல யாரு யாரு இருக்காங்கன்னு பாத்துப் பேசு

கார்த்தி, 7:03
அய்யோ. அத்தை மன்னிச்சிருங்க நான் மாமாவ மனசுல வச்சு சொல்லல

அத்தை, 7:19
மன்னிப்பெல்லாம் எதுக்குய்யா, நீ தப்பா ஒண்ணும் பேசல. எனக்கு டைப் பண்ண நேரமாகும் எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. நீங்க எடப்பாடி தளபதி மோடின்னு சொல்லச் சொல்ல நான் பீரோல இருந்து அவுக பேங்க் பாஸ்புக்க எடுத்துட்டு வந்து அடுப்படியில உக்காந்து ஒவ்வொரு பக்கமா பாக்குறேன். 2020 ஊரடங்குல ஆரம்பிச்சது, சித்திரை வைகாசி எல்லாம் 50, 100ன்னு போகுது. நவம்பர் 18க்கு அப்புறம் ஒரு வரி கூட இல்ல. மார்கழி இல்ல, தை இல்ல, பங்குனி இல்ல, பால் காசு கரண்டு பில்லு தவிர ஒண்ணுமே இல்ல. அப்புறம் 2021 ஆகஸ்ட் 9ந் தேதி 100 ரூவா. 11ந் தேதி 100, அன்னைக்கே இன்னொரு 200. அடுத்த பக்கம் பூரா 500 500 500. ஆகஸ்ட்டுல என்ன நடந்துச்சு தேவி?

தேவி, 7:24
ஆகஸ்ட் 3ந் தேதி ஹைகோர்ட் அந்த மொத தடைய ரத்து பண்ணுச்சு அத்தை. ரம்மி திறமை ஆட்டம், திறமை ஆட்டத்தையும் சேத்து மொத்தமா தடை பண்றது அளவுக்கு மீறுன செயல்னு தீர்ப்பு. ரம்மில திறமைதான் தூக்கலா இருக்குன்னு சுப்ரீம் கோர்ட் 1960கள்லயே சொன்னத வச்சுத்தான் எல்லா கேசும் நடக்குது. 2023 நவம்பர்லயும் அதே மாதிரிதான், சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் அந்த தடைப் பட்டியல்ல வராதுன்னு சொல்லிட்டாங்க

அத்தை, 7:33
அப்ப சரியாத்தான் இருக்கு. ஆறு நாள்ல மறுபடி ஆரம்பிச்சிருக்காக. அப்புறம் இன்னொண்ணு, 2023 ஜனவரி 19, பொங்கல் முடிஞ்ச வாரம், 86,000 வரவு. ஜெயிச்ச காசு இல்ல, என் தாலிச் செயின அடகு வச்சது. பிப்ரவரி 2ந் தேதி கடைசி வரில பேலன்ஸ் 412. ரெண்டு வாரம்தான்யா. அந்த ரெண்டு வாரம் அந்த சட்டம் எங்க இருந்துச்சு

தேவி, 7:38
கவர்னர் மாளிகையில இருந்துச்சு அத்தை. 2022 அக்டோபர் 19 சட்டசபையில பாஸ் ஆனது. அவசரச் சட்டம் நவம்பர் கடைசில காலாவதி ஆயிருச்சு. மார்ச் 8 கவர்னர் திருப்பி அனுப்புனாரு, 23ந் தேதி மறுபடி பாஸ் பண்ணி ஏப்ரல்லதான் கையெழுத்து. ஜனவரில நம்ம மாநிலத்துல எந்தத் தடையும் இல்ல

சித்தப்பா, 7:39
கேட்டுக்கங்கண்ணே

அத்தை, 7:41
தம்பி அண்ணன மடக்க நான் இத சொல்லல. எல்லாரும் சேந்து அஞ்சு வருசம் தொறந்து தொறந்து மூடுனீங்க, தொறக்குறப்பல்லாம் என் பாஸ்புக்குல வரி ஏறிருக்கு. அவ்வளவுதான் நான் பாத்தது

பெரியப்பா, 7:49
தாயி நீ அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். செயின் கொக்கி போயிருக்கு ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்னு ஆறு மாசம் சொன்ன

அத்தை, 7:51
அண்ணங்கிட்ட எப்படி சொல்றது

அத்தை, 8:04
இப்ப அவுக எழுதணும்ங்குறாக, அவுககிட்ட பட்டன் போன்தான இருக்கு, என் போன குடுக்குறேன்

அத்தை, 8:26
செந்தில் மாமா எழுதுறேன். மச்சான் மாப்ளை எல்லாருக்கும் வணக்கம். கார்த்தி நீ கேட்டது நல்ல கேள்வி, விருப்பம்னு சொன்னீல்ல அதுக்கு மட்டும் பதில் சொல்லிர்றேன். கோர்ட்டுல திறமை ஆட்டம்னு சொன்னது பொய் இல்ல. நான் நல்லா ஆடுவேன், கோயில் மண்டபத்துல உக்காந்தா நாந்தான் ஜெயிப்பேன், உங்க அப்பாவக் கேளு. ஆனா மண்டபத்துல பத்து மணிக்கு ஒருத்தன் வீட்டுல இருந்து ஆள் வரும், ஆட்டம் கலையும். காசு தீந்தவன பாத்தா நமக்கே பாவமா இருக்கும், போதும்டா எந்திரின்னு சொல்லுவோம். போன்ல எதிர்ல இருக்குறவன் மூஞ்சி தெரியாது. ஒரு ஆட்டம் முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த சீட்டு கையில விழுந்துரும். நூறு நூறு போட்டு ரெண்டு பேரு ஆடுனா ஜெயிச்சவனுக்கு 200 வராது, கம்பெனி பங்கு கழிச்சுட்டுதான் வரும், அப்ப எவ்வளவு திறமையா ஆடுனாலும் ராத்திரி பூரா ஆடுனா ரெண்டு பேரு காசும் கரையத்தான செய்யும்

அத்தை, 8:37
மாமாதான். இன்னொண்ணு. காசு போடுறதுக்கு ஒரு அமுக்கு. எடுக்குறதுக்கு பான் கார்டு கேப்பான், போட்டோ தெளிவா இல்லம்பான், 24 மணி நேரம் பொறுங்கம்பான், அதுக்குள்ள நானே திருப்பி ஆடிருவேன். மூணு நாள் விட்டுட்டா மெசேஜ் வரும், உங்களக் காணோமே 500 போனஸ் வச்சிருக்கோம்னு, பேரு போட்டு வரும். 2021 ஆகஸ்ட்டுல நானாப் போகல கார்த்தி, தீர்ப்பு வந்ததே எனக்குத் தெரியாது, அந்த மெசேஜ்தான் வந்துச்சு. விருப்பம்னு நான் எத சொல்றது

கார்த்தி, 8:44
மாமா நான் என்ன சொல்றதுன்னு தெரியல. நான் தினமும் பாக்குற வேலையே இதுதான், இந்த கம்பெனி இல்ல, ஆனா ஆப்ப விட்டுப் போனவன எப்படி திரும்பக் கூட்டிட்டு வர்றதுன்னு எங்க ஆபீஸ்லயும் தனி டீமே உக்காந்து யோசிக்கும். அத எந்தச் சட்டமும் தொடல. திறமையா அதிர்ஷ்டமான்னு அம்பது வருசத்துக்கு மேல வாதம் நடக்குது, போனஸ் மெசேஜ் அனுப்பலாமா, எடுக்குற காச நிறுத்தி வைக்கலாமான்னு யாருமே கேக்கல. ஒண்ணு மட்டும் கேக்கவா, அந்த ராத்திரி பூட்டு அப்பவே இருந்திருந்தா?

அத்தை, 8:49
நான் அத்தை. பேங்க் மெசேஜ் நான் அழிக்கல. ஜனவரி 24, 1:47க்கு 2000. 1:52க்கு 2000. 2:06க்கு 5000. 2:31க்கு 5000. எல்லாம் விடியக்காலம்தான்

அத்தை, 8:55
மாமா. பூட்டு இருந்திருந்தா அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சிருப்பேன் கார்த்தி, பொய் சொல்லல. ஆனா அந்த அஞ்சு மணி நேரம் தூங்கிருப்பேன். தூங்கி எந்திரிச்சவன் 5000 போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பான்னு நினைக்கிறேன். எனக்கு ரெண்டும் வேணும், பூட்டும் வேணும் தடையும் வேணும்

தேவி, 8:58
மாமா, கோர்ட்டுல நாங்க பேசுறதெல்லாம் சட்டப்பிரிவு எண்ணுதான். இந்த தேதிகள என் சீனியர்கிட்ட பேர் இல்லாம சொல்லட்டுமா, நீங்க சரின்னா மட்டும்

அத்தை, 9:01
சொல்லும்மா. பேர் போட்டாலும் சரிதான்ங்குறாக, நாந்தான் வேண்டாம்ங்குறேன்

பெரியப்பா, 9:05
மாப்ளே இவ்வளவு நாளா நான் உங்களப் பத்தி பேசுனதெல்லாம் தப்பு. நேர்ல வந்து பேசுறேன்

சித்தி, 9:11
ஒரு சந்தேகம், நடுவுல கேக்குறேன்னு நினைக்காதீங்க. எங்க தம்பி மகன் ஒரு வருசமா இதுல இருக்கான்னு தெரியும், நேத்து ஆப் நின்னுருச்சுன்னு நாங்க சந்தோசப்பட்டோம். இப்ப அவன் போன்ல டெலிகிராம்ல ஒரு ஃபைல் வந்திருக்காம், ப்ளே ஸ்டோர்ல இல்லாததாம், அத ஏத்துனா பழையபடி ஆடலாமாம், காச ஒரு ஆளோட ஜிபே நம்பருக்கு அனுப்பணுமாம். இது சரியா

கார்த்தி, 9:13
சித்தி வேண்டவே வேண்டாம், இப்பவே சொல்லுங்க. இதத்தான் நான் சாயங்காலம் பயந்தேன். அந்த ஃபைல ஏத்துனா ஓடிபி வரைக்கும் படிக்க முடியும்

தேவி, 9:14
ஏற்கனவே காசு அனுப்பிருந்தா உடனே 1930க்கு போன் பண்ணச் சொல்லுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு நல்லது

சித்தி, 9:16
இன்னும் அனுப்பலன்னுதான் சொல்றான். கார்த்தி நீ ஒரு தடவை அவன்கூட பேசுறியாய்யா, நாங்க சொன்னா கேக்க மாட்டான்

கார்த்தி, 9:17
பேசுறேன் சித்தி, நம்பர் தனியா அனுப்புங்க

அத்தை, 9:20
மாமா. கார்த்தி, நானும் பேசுறேன்னு சொல்லு அவன்கிட்ட. எனக்கும் இன்னைக்கு மத்தியானம் அதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ்ஸா. இந்த நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்னுதான் தெரியல, வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது

கார்த்தி, 9:21
மாமா அழிச்சிராதீங்க. எந்தப் பேர்ல இருந்து வந்துச்சு, லிங்க்ல என்ன இருக்கு, அப்படியே எழுதி அனுப்புங்க, நானும் தேவி அக்காவும் புகார் பதியுறோம்

அத்தை, 9:22
நான் அத்தை. அவுக வாசிக்குறாக, நான் எழுதுறேன். இரு, கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்