பழைய பைக், ஃபியூவல் பம்ப் சீல்: உங்களுக்கு என்ன நடந்தது?

யீஷூன் சூப்பர்ஃபோர்

டாங்க் அடியில் ஃபியூவல் பம்ப் பொருந்தும் இடத்தில் பெட்ரோல் கசியாமல் பிடிக்கும் ரப்பர் சீல், அதை மாற்றியாச்சு, வண்டி ஓடுகிறது. ஆனால் அந்த ராத்திரி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி ஹோண்டா சூப்பர் ஃபோர் ரெவோ, சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தது. கார்பார்க்கில் காலையில் பெட்ரோல் வாடை அடிக்கும். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஒர்க்‌ஷாப்பில் டாங்கைத் தூக்கிப் பார்த்தார்கள், காய்ந்து கிடந்தது. "பழைய வண்டி, வாடை இருக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு இரவு ஜோகூர் பாருவிலிருந்து காஸ்வே பாலம் வழியாகச் சிங்கப்பூர் திரும்புகிறேன். டாங்க் வாய் வரை நிரப்பியாச்சு. காஸ்வே பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பைக் லேனில் கால் ஊன்ற இடமில்லை. பின்னால் இருந்த மலாய்க்காரர் என் ஹெல்மெட்டைத் தட்டினார். "பாங், மின்யாக்! மின்யாக்!" அண்ணே, எண்ணெய் என்கிறார். குனிந்து பார்த்தால் டாங்கின் அடி விளிம்பில் ஒரு சொட்டு தொங்குகிறது. பெரிதாகிறது, விழுகிறது, இன்ஜின் மேல் பட்டு 'சுர்' என்று காணாமல் போகிறது. உடனே அடுத்த சொட்டு. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து பைக்காரர் வாயில் சிகரெட், கையில் லைட்டர். இன்னும் பற்ற வைக்கவில்லை. மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாக லைட்டரைச் சட்டைப்பையில் போட்டார். சிகரெட் மட்டும் வாயிலேயே இருந்தது.

அங்கிருந்து தள்ளிக்கொண்டுதான் வந்தேன். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பம்பையே முழுசாக மாற்றச் சொன்னார்கள். பேக்கிங், அதாவது அந்த ரப்பர் சீல், மட்டும் போட்டால் போதும் என்று பிடிவாதமாக நின்றேன். கழற்றிய பேக்கிங் தட்டையாகிப் போயிருந்தது, நகத்தால் அழுத்தினாலும் தடம் விழவில்லை. பம்ப் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு இன்னும் புரியாதது, டாங்க் நிறைந்தால் மட்டும் ஏன் ஒழுகியது? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

டெலிவரி தம்பி

அண்ணே, எனக்கு ஒழுகல் நின்ற பிறகுதான் தலைவலியே ஆரம்பித்தது. நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். சீல் வர நாளாகும் என்று சொன்ன மெக்கானிக், என்னைக் கேட்காமலே பழைய சீல் மேல் சிலிக்கான் கம்மைப் பிதுக்கி அடைத்துக் கொடுத்துவிட்டார். ஒரு சொட்டு வரவில்லை. நானும் சந்தோஷமாக ஓட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்து பிஐஈ விரைவுச்சாலையில் போகும்போது த்ராட்டில் திருகுகிறேன், இழுவை இல்லை. ஓரம் கட்டி சாவியைப் போட்டால் பம்ப் 'ங்ங்ங்' என்று வழக்கத்தைவிட உரக்கக் கத்துகிறது. பத்து நிமிஷம் விட்டால் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போய் மறுபடி சாகும். பெட்டியில் யாரோ ஒருவரின் மீன் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது, போனில் கஸ்டமர் விடாமல் கூப்பிடுகிறார்.

காக்கி புக்கிட்டில் வேறொரு அங்கிள் பம்பைக் கழற்றினார். அடியில் இருக்கும் வலை ஃபில்டர் முழுக்க அந்தச் சிலிக்கான், பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து வந்து சுற்றியிருக்கிறது. இடுக்கி வைத்து ஒவ்வொரு இழையாக, இடியாப்பம் பிரிக்கிற மாதிரி இழுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நானா போட்டேன் அந்தக் கம்மை?

ஜூரோங் பழசு

முதலில் யீஷூன் தம்பிக்கு. டாங்க் நிறைந்தால் மட்டும் ஒழுகுகிறது என்றால் சீலைச் சந்தேகப்படுவதற்கு முன் மூடியைப் பார்த்திருக்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு ஓட்டை இருக்கும். மழைத்தண்ணீர் அந்த வழியாக ஒரு குழாயில் இறங்கி வண்டிக்கு அடியில் போகும். வாய் வரை நிரப்பினால் சூட்டில் பெட்ரோல் விரிந்து அதே வழியாக வரும். அந்தக் குழாய் டாங்குக்குள்ளேயே துருப்பிடித்து ஓட்டையானாலும் இதே கதைதான். உங்கள் சீல் பழசு என்பது உண்மையாக இருக்கலாம், ஒழுகியது அதனால்தானா என்பது வேறு கேள்வி.

இனி என் கதை, சின்னதுதான். ஷிப்யார்டில் வேலை பார்த்த காலத்தில் பைக்குக்கு ஓ-ரிங், அதாவது வளையம் மாதிரி ரப்பர் சீல், தேடி ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தேன். கடைக்காரர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "என்ன திரவம்?" என்று கேட்டார். எண்ணெயும் ரப்பருமாகவே வாழ்ந்த எனக்கு அந்தக் கேள்வியில் சுருக்கென்றது. அவர் கேட்டது சரி, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் எல்லாம் ஒரே ரப்பர் இல்லை. பெட்ரோலுக்கு நைட்ரைல் தாங்கும், ஆனால் சூட்டில் வருஷக்கணக்காக அழுத்தம் வாங்கி இறுகிவிடும், யீஷூன் தம்பி சொன்ன மாதிரி தட்டையாகும். எஃப்கேஎம், அதாவது வைட்டான் என்று எல்லாரும் சொல்வது, இன்னும் நன்றாகத் தாங்கும், விலை அதிகம். இபிடிஎம் என்று ஒன்று இருக்கிறது, பிரேக் ஆயிலுக்கு அருமையானது, பெட்ரோலில் போட்டால் ஊதிப் பெருத்துப் பயனில்லாமல் போகும். பிரேக் கிட்டில் மிச்சமிருந்த ஓ-ரிங் சரியாகப் பொருந்துகிறதே என்று பம்பில் போடும் ஆட்கள் உண்டு. சாதாரண சிலிக்கான் ரப்பரும் பெட்ரோலுக்கு ஆகாது, டெலிவரி தம்பி கையில் வைத்துப் பார்த்துவிட்டார். பிரவுன் நிறமாக இருந்தால் வைட்டான் என்று நம்பாதீர்கள், சாயம் யார் வேண்டுமானாலும் கலக்கலாம். ஒரே அளவு ரிங் இரண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், வைட்டான் கனமாக இருக்கும்.

அப்புறம் கழற்றும் முறை. பம்பின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள், லைனில் இருக்கும் அழுத்தம் தீர்ந்து தானாக நிற்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகுதான் பெட்ரோல் குழாய், அதுவும் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு. சீல் உட்காரும் இரும்பு முகத்தைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் அங்கே நிற்காது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இறுக்கும் முறுக்கு விசை பொதுவாக 10 அல்லது 12 நியூட்டன் மீட்டர்தான் வரும். உங்கள் வண்டியின் மேனுவலில் அளவும் இருக்கும், வரிசையும் இருக்கும். கை பலத்தைக் காட்டுகிற இடம் இது இல்லை.

பொங்கோல் பைக்கர்

பழசு அங்கிள், மரியாதையோடு மறுக்கிறேன். பல வண்டிகளில் பம்ப் பேக்கிங் வெறும் ஓ-ரிங் கிடையாது. உதடு மாதிரி விளிம்பு இருக்கும், டாங்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் போல்ட்டுக்கு ஓட்டை இருக்கும், அதற்கென்றே அச்சில் வார்த்தது. ஜாலான் புசாரில் என்ன திரவம் என்று கேட்பார்கள், சரி. அந்த வடிவம் கிடைக்குமா? பார்ட் நம்பர் சொல்லி ஒரிஜினல் வாங்குவதுதான் வழி. சூப்பர் ஃபோர் தயாரிப்பை 2022இல் ஹோண்டா நிறுத்திவிட்டது. ரெவோ வைத்திருப்பவர்கள் பேக்கிங் கிடைக்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

டாங்க் நிறைந்தால் மட்டும் ஒழுகுவதற்கும் மூடியைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. நிறைந்த டாங்கில் அடியில் எடை கூடுதல், இறுகிய ரப்பர் அதைத் தாங்காது, சொட்டும். பாதி டாங்கில் கசிவு இருக்கும், ஆனால் சொட்டாகச் சேர்வதற்குள் ஆவியாகிவிடும். அதனால்தான் யீஷூன் அண்ணனுக்கு வாடை மட்டும் வந்தது, ஒர்க்‌ஷாப்பில் பார்த்தபோது காய்ந்திருந்தது.

என் அனுபவம் வேறு மாதிரி. என் வண்டியில் நிஜமாகவே ஓ-ரிங்தான், வட்டமான பள்ளத்தில் உட்காரும். சீல் நல்லது, புதுசு. பம்ப் வலையைச் சுத்தம் செய்ய மட்டும் திறந்தேன். திரும்ப மூடப் பார்த்தால் ரிங் பள்ளத்தில் உட்காரவே இல்லை! ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது, விரல் நீளத்துக்கு மிச்சம் தொங்குகிறது. அரை மணி நேரத்துக்கு முன் இதே பள்ளத்திலிருந்து என் கையால் எடுத்த ரிங். யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

ஒன்றுமில்லை, பெட்ரோலில் ஊறிய ரப்பர் வீங்கியிருக்கிறது. பள்ளத்தில் அடங்கி இருந்தவரை தெரியவில்லை, வெளியே எடுத்ததும் நீண்டுவிட்டது. ஜன்னல் ஓரம் பேப்பரில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். "சாமி ரூம்ல கூட பெட்ரோல் வாடைடா" என்று அம்மா ராத்திரி முழுக்கப் புலம்பல். காலையில் ரிங் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்திருந்தது, அழகாக உட்கார்ந்தது. அந்த ரிங்கைப் பிடித்து அமுக்கி மூடியிருந்தால் நசுங்கி அங்கேயே வெட்டுப்பட்டிருக்கும். புது ரிங்காக இருந்தாலும் ஊறவிடாமல் காய்ந்ததாகவே போடுங்கள்.

தெம்பனிஸ் அக்கா

உங்கள் எல்லாருக்கும் ஒழுகல் கண்ணுக்காவது தெரிந்தது. அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் தரையில் ஒரு சொட்டு இல்லை. டாங்க் கால் வைக்கும் இடத்துக்கு அடியில், அதனால் இன்ஜினின் உறிஞ்சலில் இயங்கிப் பெட்ரோலை மேலே ஏற்றும் வேக்குவம் பம்ப். கார்புரேட்டர் வண்டி. ஸ்டார்ட் செய்தால் கறுப்புப் புகை, பெட்ரோல் குடிக்கிறது. பிளக் மாற்றினோம், ஏர் ஃபில்டர் மாற்றினோம்.

அப்பா ஒருநாள் எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "எண்ணெய் ஊத்தினியாம்மா?" என்றார். நான் ஊற்றவில்லை. மட்டம் ஏறியிருக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்தார், என் மூக்குக்கு நேராகவும் நீட்டினார். பெட்ரோல். எண்ணெய் தண்ணியாக ஓடுகிறது.

பம்புக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் வேக்குவம் குழாய் வழியாக இன்ஜினுக்குள்ளேயே போயிருக்கிறது. பம்பிலிருந்து வேக்குவம் குழாயைக் கழற்றினால் உள்ளே காற்று மட்டும்தான் இருக்க வேண்டும், எங்களுக்குப் பெட்ரோல் வடிந்தது. அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது, ஆனால் நாங்கள் காட்டிய எந்த ஒர்க்‌ஷாப்பும் கழற்றவில்லை. டயஃப்ரம் போட்டோம், எண்ணெயையும் மாற்றினோம். எண்ணெயை மாற்றாமல் ஓட்டினால் பேரிங் எல்லாம் போய்விடும்.

வண்டி 2003 ஜூலைக்கு முன் பதிவானது, 2028 ஜூன் 30க்கு மேல் இங்கே ஓட்ட முடியாது. அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் இன்னொரு டயஃப்ரம் வாங்கி வை என்கிறார். என்ன சொல்வது?

ஜூரோங் பழசு

அக்கா, வாங்கி வையுங்கள். டயஃப்ரம் விலை அப்பாவின் நிம்மதியைவிடக் குறைவு.

பொங்கோல் தம்பி சொன்ன வடிவம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். மூடி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யீஷூன் சூப்பர்ஃபோர்

அங்கிள், மெக்கானிக் பேக்கிங் மாற்றும் முன் டாங்க் அடியைத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைச் சுற்றிலும் தூவினார். பெட்ரோல் பட்ட இடத்தில் பவுடர் கறுத்து, ஒரு ஸ்டட் பக்கத்திலிருந்து கோடு கிளம்பியது. மழைக்குழாய் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அந்த ஸ்டட் ஓரம் லேசாகத் துரு, அதையும் தேய்த்துவிட்டுத்தான் மூடினார். பொங்கோல் சொன்ன எடைக் கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது.

அங் மோ கியோ 2பி

பம்ப் பேக்கிங்கை நானே மாற்றலாம் என்று மல்டி ஸ்டோரி கார்பார்க் மேல்மாடிக்குக் கொண்டுபோனேன், அங்கே காற்று வரும் என்ற கணக்கு. டாங்கை வடித்துக் கவிழ்த்துப் பழைய போர்வை மேல் வைத்திருக்கிறேன். எதிர் புளோக்கிலிருந்து யாரோ 995க்கு அடித்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. ஒருவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வாளியைப் பார்த்தார், டாங்கைப் பார்த்தார், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஓடிக் கீழ்மாடிக்கு இறங்கும் என்று பொறுமையாக விளக்கினார். நியாயம்தான். இன்னொருவர் குனிந்து பேக்கிங்கைப் பார்த்துவிட்டு, "இது எங்கே வாங்கினீங்க? எனக்கும் இதே வண்டி" என்றார் மெதுவாக. அதற்குப் பதில் சொல்வதா, பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வாளிப் பெட்ரோலைத் துணியில் வடிகட்டி வண்டியிலேயே திரும்ப ஊற்றினேன். சாக்கடையில் ஊற்றச் சொன்ன நண்பனும் ஒருவன் இருக்கிறான். அதே புத்திசாலிதான் காலி டாங்கை எம்ஆர்டி ரயிலில் ஊபிக்கு எடுத்துப் போகலாம் என்றும் சொன்னவன். எரியும் பொருளுக்கு 5,000 வெள்ளி அபராதம் என்று ஸ்டேஷனில் படம் போட்டிருப்பதைக் காட்டினேன்.

டெலிவரி தம்பி

ஜூரோங் அங்கிள் சொன்ன அளவுக்கு இறுக்க டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வேண்டும். 10 நியூட்டன் மீட்டர் அளவுக்குச் சின்னதாக யாரிடமாவது இரவல் கிடைக்குமா? என் அங்கிளிடம் இருப்பது கார் வீல் நட்டுக்கு, அவ்வளவு கீழே வராது. காக்கி புக்கிட், ஊபி பக்கம் என்றால் மதியம் ஆர்டர் குறையும் நேரத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.