புதுப்பிப்பு: சிவிக்கில் பின் டிஸ்க் போட்டாயிற்று

96 மாடல் ஹோண்டா சிவிக்கில் பின்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, வேலை முடிந்தது. ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் கடை) ஹோண்டா இன்டெக்ராவின் டிரெயிலிங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஜோடி, டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரோடு கிடைத்தது. அதன் ரப்பர் புஷ் மட்டும் புதிது. 4040 வால்வு (முன், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது), டிஸ்க் காருக்கான ஹேண்ட்பிரேக் கேபிள் இரண்டும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பிளீட் செய்த (பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றிய) பிறகும் பெடல் ஆழமாக இறங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் உள்ளே இன்னும் ஏர் இருக்கிறது என்றார்கள். கடைசியில் பார்த்தால் ஹேண்ட்பிரேக் கேபிள்! அதை இறுக்கி வைத்தால் காலிப்பர் லீவர் முழுதாகத் திரும்பி வராது. அதனால் உள்ளே பேட் இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் திருகும் வேலை செய்யாது, பெடல் ஆழமாக இறங்கும். கேபிளைத் தளர்த்தி, பெடலை நன்றாக மிதித்துவிட்டு, அப்புறம் கேபிளை அளவாக இறுக்கியதும் சரியானது.

நிற்கும் தூரம் குறைந்ததா என்று கேட்டவர்களுக்கு: எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிரேக்கில் பெரும்பங்கு முன்சக்கரம்தானே. கெந்திங் மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி மந்தமாவது மட்டும் குறைந்திருக்கிறது. ஆனால் மேட்டில் ஹேண்ட்பிரேக்குக்குப் பழைய பிடி இல்லை. டிரம்மில் சக்கரம் உருளப் பார்க்கும்போது அந்த இழுப்பிலேயே ஷூ (உள்ளே உராயும் கட்டை) இன்னும் இறுகிக்கொள்ளும், டிஸ்க்கில் அது கிடையாது. ஒரு கிளிக் கூடுதலாக இழுக்கிறேன்.

பழைய டிரம் செட் சும்மா கிடக்கிறது. வேண்டுபவர்கள் சொல்லுங்கள்.