ஹெசரகட்டா புல்வெளியில் மாடுகள் இனியும் மேய வேண்டுமா?

பறவைப்பித்தன்:
ஞாயிறு காலை ஆறரைக்கு மகளோடு பெங்களூருவை ஒட்டிய ஹெசரகட்டா புல்வெளிக்குப் போயிருந்தேன். பனி விலகும் நேரம். பூனைப்பருந்து ஒன்று புல்நுனியை உரசுவது போலத் தாழப் பறந்து வந்தது. மகள் தொலைநோக்கியைக் கண்ணில் வைப்பதற்குள் நாற்பது மாடுகள், பின்னால் மூன்று நாய்கள். பருந்து போயே போய்விட்டது. 5,678 ஏக்கரைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டதே, இனியாவது மாடுகளை வெளியே நிறுத்த வேண்டாமா? பெங்களூருவுக்கு இப்படி வெட்டவெளி வேறு எங்கே மிச்சம்?

காங்கேயத்தான்:
மாட்டை நிறுத்திப் பாருங்கள், புதர் ஏறிவிடும். ராஜஸ்தானின் பரத்பூரில் இதைச் செய்து பார்த்தாகிவிட்டது. 1982-இல் அங்கே நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன கேவலாதேவ் பூங்காவில் மாடு, எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த ஊர்க்காரர்களில் சிலர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் மண்டி, தண்ணீர்ப்பரப்பையே மூடியது. பறவைக்காக எருமையை விரட்டினார்கள். பறவைக்கே இடம் குறைந்தது.

எங்கள் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒரு துண்டு மேய்ந்ததும் என் தாத்தா படலைச் சாத்திவிட்டு அடுத்த துண்டுக்கு ஓட்டுவார். சாயங்காலம் அவர் வேட்டியெல்லாம் ஒட்டுப்புல் கதிர். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பேரப்பிள்ளைகள் வேலை. நாங்கள் விளையாடியதும் அந்தப் புல்லில்தான். அதை யாரும் சும்மா விட்டுவைத்து வளர்க்கவில்லை.

மல்லேசுவரம் மாமி:
எதற்கு இந்தச் சண்டை? போன முறை போனபோது உட்கார ஒரு நிழல் இல்லை. புங்கையும் வேம்புமாக நட்டுவிட்டால் நல்ல பூங்காவாகிவிடும்.

பறவைப்பித்தன்:
மாமி, வேண்டவே வேண்டாம்! மரம் வந்தால் பூனைப்பருந்து வராது. அது தரையில், புல்லுக்குள் தூங்குகிற பறவை.

காங்கேயத்தான்:
இதில் மட்டும் பறவைப்பித்தன் பக்கம். நீலகிரியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த சீகை மரம், தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியை விழுங்கியது போதும்.

பறவைப்பித்தன்:
ஆனால் ஐயா, கொறங்காடு உங்கள் தாத்தாவின் சொந்த நிலம். வேலி உண்டு, எத்தனை மாடு என்று முடிவு செய்ய ஓர் ஆள் உண்டு. ஹெசரகட்டாவில் படலை யார் சாத்துவார்? வானம்பாடி தரையில் கூடு கட்டுகிறது. ஒரு குளம்பு பட்டால் முட்டை போயிற்று. அடுத்து முல்லைத் திணை, ஏறு தழுவல் என்று ஆரம்பிப்பீர்கள், தெரியும்.

காங்கேயத்தான்:
ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், தப்பித்தீர்கள். படலுக்கு வருகிறேன். யெலஹங்கா பக்கம் ஜாரகபண்டே காவல் இருக்கிறதே, அந்தக் 'காவல்' என்ன? காத்துவைத்த மேய்ச்சல் நிலம். மைசூர் அரசில் அமிர்தமஹால் மாடுகளுக்கென்றே இப்படிக் காவல்கள் இருந்தன. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று பிரித்து, காவல்காரரையும் வைத்திருந்தார்கள். திப்புவின் பீரங்கியை இழுத்தவை அந்த மாடுகள். ஆக, பொதுநிலத்துக்கும் படல் சாத்த ஆள் இருந்தார். பின்னால் நாம்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினோம்.

பாதுகாப்புக் காப்பகம் என்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002 திருத்தத்தில் வந்த வகை. அதன் மேலாண்மைக் குழுவில் கிராமப் பஞ்சாயத்து ஆட்களும் உண்டு. கூடு கட்டும் மாதங்களில் எந்தப் பக்கம் மாடு போகக் கூடாது என்பதை மேய்ப்பவரையும் உட்காரவைத்துப் பேசலாம். அப்படியே, படம் எடுக்கப் புல்லுக்குள் காரை ஏற்றுகிறவர்களையும் கூப்பிடுங்கள். குளம்பைவிட டயர் அகலம்.

பறவைப்பித்தன்:
கார் விஷயத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு நானும் ஒருமுறை ஏற்றியிருக்கிறேன். பஞ்சாயத்து ஆட்கள் உட்காரட்டும், மாடும் முறை வைத்து வரட்டும். நாய்கள் மட்டும் உள்ளே வரக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.