சொல் தேடல்: புதியவர் செய்த மாதிரியைப் பார்த்து நாம் சொல்வதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு புதுச்சேரியில், பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டி விமான மாதிரி கட்டுபவர்கள் சிலர் கூடினோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன், தான் கட்டிய முதல் விமானத்தை எடுத்துவந்தான். 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் போர்விமானம். இறக்கை இரண்டும் சமமாக மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. என் முதல் விமானத்தில் எனக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் விமானி அறைக் கண்ணாடி பனி படர்ந்ததுபோல வெளுத்திருந்தது. அனுபவசாலி ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போச்சு, இணைப்புக்கோடு தெரியுது, டீக்கால் ஒட்டுப்படத்துக்கு அடியில காத்து" என்றார். மூன்றும் உண்மைதான். விமானம் இப்போது பரணில் கிடக்கிறது.

அவர் செய்ததற்குத் தமிழில் சொல் நிறைய உண்டு. செய்திருக்க வேண்டியதற்குத்தான் தேடுகிறேன்.

பின்னூட்டம் என்பது வலைப்பூக் காலத்திலிருந்து எல்லா மறுமொழிக்கும் பொதுவாகிவிட்டது, திட்டினாலும் பின்னூட்டம்தான். விமர்சனம் என்றால் வெள்ளிக்கிழமைப் படம் ஞாபகம் வருகிறது. ஆக்கபூர்வமான விமர்சனம்? சுற்றறிக்கை வாடை. திருத்தம் என்றால் சிவப்பு மை. இடித்துரை குறள் வழி வந்த நல்ல சொல், ஆனால் அது வரம்பு மீறும் நண்பனுக்கானது. பையன் எந்த வரம்பை மீறினான்?

என் பரிந்துரை 'பதம்' என்ற சொல்லிலிருந்து. சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், வில்லியனூர் சுடுமண் வேலைக்கு மண் பதம். செய்தது எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்ற இரண்டும் அதில் அடங்கிவிடுகின்றன. அரிவாள்மனை விரலைப் பதம் பார்ப்பதுபோல அன்று அவர் செய்தது பதம் பார்த்தல். நமக்கு வேண்டியது பதம் சொல்லுதல்: "இறக்கை அருமையா உட்கார்ந்திருக்கு. கண்ணாடி வெளுத்தது சூப்பர் குளூவோட ஆவி படிஞ்சதால. அடுத்த தடவை கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால் வை, காஞ்சா கறை தெரியாது." இணைப்புக்கோட்டை அன்றைக்கு விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

பெயர்ச்சொல்லாக: பதஞ்சொல். எப்படி?

புதுச்சேரியிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

பதம் சரி. பதஞ்சொல் வேண்டாம். பதஞ்சலி முனிவரின் சிதம்பரம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வேகமாகச் சொன்னால் பதஞ்சலி என்றே காதில் விழும். இலக்கணம் படித்தவர்கள் பகுபதம், பகாபதம் என்று சொல்லுக்கே பதம் என்பார்கள், அப்போது இது 'சொற்சொல்' ஆகிவிடும். பதவுரை ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. பதக்குறிப்பு என்று வைத்தால்? சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு வரிசையில் தானாகச் சேர்ந்துகொள்ளும். குறிப்பு என்றாலே சுருக்கம் என்பதால், நம் பெரியவர்களின் பிரசங்கத்துக்கும் ஒரு கடிவாளம்.

இன்னொன்று. பதக்குறிப்பில் காரணம் இருக்க வேண்டும். கடலூர் முதுநகரில் ஐப்பசி மழையில் மாதிரிக்கு லாக்கர் பெயிண்ட் தெளித்தேன், பூச்சு முழுக்க வெண்மை பூத்துவிட்டது. "தெளிக்கவே தெரியல" என்றார் ஒருவர். ஆறு மாதம் தூரிகையோடு ஒதுங்கிவிட்டேன். காற்றின் ஈரம் பூச்சில் படிந்தால் அப்படித்தான் வெளுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. குற்றம் என் கையில் பாதி, வங்காள விரிகுடாவில் பாதி. அன்றைக்கே "மழை விடட்டும், வெயில் நாளில் தெளி" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அது பதக்குறிப்பு.

கடலூரிலிருந்து

*

பதக்குறிப்பையே எடுத்துக்கொள்கிறேன், நன்றி. வினைக்கு மட்டும் 'பதம் சொல்லுதல்' இருக்கட்டும், பேச்சில் அதுதான் வரும். பதம் தமிழா, வடமொழியா என்று கேட்டுத் தனிமடல் வந்திருக்கிறது. அந்த வழக்கைத் தனி இழையில் நடத்துங்கள், நான் வரவில்லை.

நேற்று அக்கா மகனிடம் ஃபெவிகால் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ இந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வேற வைக்க முடியுமா மாமா?" என்றான். விமானம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. யாரிடமாவது உபரிக் கண்ணாடி இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், உறுப்புகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம், அந்த ஸ்ப்ரூவுக்கு என்ன சொல்? 'கொடி' என்று ஆரம்பித்து வைக்கிறேன். காய் பறிப்பதுபோலத்தானே வெட்டி எடுக்கிறோம்?